முகம் இருக்கும் பக்கம்

ஐ.சி.யூ.வில் நினைவில்லாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்கவும், நுரையீரலின் ஒரே பக்கத்தில் சளி தேங்காமலிருக்கவும் இதைச் செய்கிறோம். சார்ட்டில் இதற்கென்றே கட்டங்கள் இருக்கும்: இடது, மல்லாக்க, வலது. பெரும்பாலும் ஒரு சிஸ்டரும் ஓர் ஆயாவும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆயா எதிர்ப்பக்கம் நின்று, தோளையும் இடுப்பையும் பற்றி உடம்பைத் தன் பக்கமாக உருட்டிப் பிடித்துக்கொள்வார். சிஸ்டருக்கு வேலை முதுகுப் பக்கம். வால் எலும்பருகே தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், துடைக்க வேண்டும், நனைந்த விரிப்பைச் சுருட்டி எடுத்துப் புதியதை விரிக்க வேண்டும், தலையணையை அண்டக்கொடுக்க வேண்டும். இது முடிகிற வரைக்கும் நோயாளியின் முகம் ஆயாவின் பக்கம்தான் இருக்கிறது.

வலியைக் கண்டுபிடிக்கப் படித்தவரின் கண் முதுகில் இருக்கிறது. வலி தெரிகிற முகமோ, அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காத ஒருவரின் கைக்குள் இருக்கிறது. புருவம் சுருங்கியதை ஆயா பார்த்திருப்பார். கண்ணோரம் நீர் கோத்ததையும் பார்த்திருப்பார். அவரை யாரும் கேட்பதில்லை. திருப்பி முடித்ததும் சிஸ்டர் கட்டத்தில் ஒரு டிக் போடுவார். வலிக்கென்று சார்ட்டில் கட்டம் இருந்தால், நோயாளி அசையாமல் கிடக்கும் அந்த நேரத்து எண்ணை அதில் எழுதுவார். பெரும்பாலும் அது மிகச் சிறிய எண்ணாகவே இருக்கும்.

குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் போடும்போதும் இப்படித்தான். குழாய் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, வரும் சளி என்ன நிறம், மானிட்டரில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று கண் மூன்று இடங்களில் ஓடும். பத்துப் பதினைந்து விநாடிக்குள் வேலையை முடித்து வெளியே வந்துவிட வேண்டும். அந்த விநாடிகளில் முகம் சிவக்கிறது, உடம்பு விறைக்கிறது, விரல்கள் விரிப்பைப் பற்றுகின்றன. "இருமுறாரு, நல்லாத்தான் இருக்காரு" என்போம். இருமல் வருவது நல்லதுதான். ஆனால் அந்த இருமலோடு சேர்ந்து வந்த மற்றவற்றை யார் பார்த்தது?

படுத்திருப்பவரைத் திருப்புவதில் என்ன பெரிய வலி என்று தோன்றலாம். கேத்லீன் புன்டில்லோ என்ற அமெரிக்கச் செவிலிய ஆய்வாளரின் தலைமையில் நடந்த 'தண்டர் ப்ராஜெக்ட் 2' என்னும் ஆய்வு 2001-இல் வெளியானது. 169 மருத்துவமனைகளில் 6,201 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. திருப்பிப் படுக்கவைப்பது, சக்ஷன், காயத்துக்குக் கட்டு மாற்றுவது, காயத்திலிருந்து வடிகுழாயை எடுப்பது, கழுத்து நரம்பில் லைன் போடுவது, தொடை ரத்தக்குழாயில் போட்ட உறையை எடுப்பது என்று ஆறு காரியங்களை எடுத்துக்கொண்டு, எவ்வளவு வலிக்கிறது என்று நோயாளிகளையே ஓர் எண்ணாகச் சொல்லக் கேட்டார்கள். ஊசியும் குழாயும் தொடர்பான ஒன்றுதான் முதலில் வரும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். வயதுவந்த நோயாளிகள் சொன்ன எண்களில் முதலிடம் பெற்றது திருப்பிப் படுக்கவைப்பது. இந்தக் காரியங்களுக்கு முன்னால் ஓபியாய்ட் வகை வலி மருந்து கிடைத்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. நெஞ்சைப் பிளந்து இதய ஆபரேஷன் செய்திருந்தால், பிளந்த மார்பெலும்பு கம்பியால் கட்டப்பட்டிருக்கும். விபத்தில் வந்தவருக்கு விலா முறிந்திருக்கும். இரண்டு மணி நேரம் ஒரே வாட்டத்தில் கிடந்த தோள்மூட்டும் இடுப்பும் இறுகிப்போயிருக்கும். திருப்பும்போது வாயிலிருக்கும் டியூப் தொண்டையில் உரசும், சிறுநீர்க் குழாய் இழுபடும், நெஞ்சு வடிகுழாய் விலாவுக்கிடையே குத்தும். ஆபரேஷன் வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் மயக்க மருந்தின் கீழ் நடக்கிறது. திருப்புவது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் எண் சொன்னவர்கள் எல்லோரும் பேசவோ சைகை காட்டவோ முடிந்தவர்கள். பக்கத்துக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தவருக்கும் அதே விலா, அதே குழாய், அதே இரண்டு மணி நேரம். அவரைத் திருப்பியபோது எவ்வளவு வலித்தது என்பதற்கு அவரிடமிருந்து எண் கிடையாது. எண் இல்லாத இடத்தில் நாம் எழுதிக்கொள்வது பூஜ்யம்.

"வலிக்குமா சிஸ்டர்?" என்று பார்வை நேரத்தில் வரும் மனைவியோ மகனோ கேட்பார்கள். "நினைவே இல்லையேம்மா, அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்வது வார்டுகளில் வழக்கம். ஆறுதலுக்காகச் சொல்வதுதான். கேட்டவரும் கொஞ்சம் நிம்மதியாகப் போவார். ஆனால் பகல் பார்வை நேரத்தில் ஆறுதலாகச் சொன்னதை, இரவு இரண்டு மணிக்கு, ஆறு கட்டில்களுக்கு இரண்டு பேராக ஓடும்போது நாமே நம்பத் தொடங்கிவிடுகிறோம். அப்போது கை சற்று வேகமாகும். திருப்புவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்வது நின்றுபோகும்.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எதை வைத்து முடிவு செய்கிறோம்? கிளாஸ்கோ கோமா ஸ்கேலை வைத்து. 1974-இல் கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் வகுத்த அளவுகோல் அது. கண், பேச்சு, கை கால் அசைவு மூன்றையும் கூட்டினால் 3 முதல் 15 வரை ஓர் எண் வரும். கூப்பிட்டும் எழும்பாதவரிடம் அசைவை எப்படிப் பார்ப்பது? வலியைக் கொடுத்துத்தான். நகக்கண்ணில் பேனாவை வைத்து அழுத்துகிறோம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசையைத் திருகுகிறோம், புருவ எலும்பின் பள்ளத்தில் கட்டைவிரலை ஊன்றுகிறோம். வலித்த இடத்தைத் தேடிக் கை வந்தால் அசைவுக்கு 5. வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் 4. வாயில் டியூப் இருந்தால் பேச்சுக்கான இடத்தில் 'டி' என்று எழுதிவிட்டு நகர்கிறோம்.

மணிக்கொருமுறை இதைச் செய்கிற நமக்கு, அந்த 5 என்ன சொல்கிறது என்று நின்று யோசிக்க நேரம் வாய்ப்பதில்லை. மூளை எவ்வளவு விழித்திருக்கிறது என்பதற்கான எண்ணாக அதைப் படிக்கிறோம். ஒரு மனிதர் தன் வலியை இடம் கண்டு, அதைத் தள்ளிவிடக் கையைக் கொண்டுவந்தார் என்ற செய்தியும் அதே எண்ணில்தான் இருக்கிறது. வலித்ததால் கிடைத்த மதிப்பெண்ணைக் குறித்துவிட்டு, அடுத்த நிமிடம் அதே ஆளை வலிக்காதவராக நினைத்துத் திருப்புகிறோம். அளவுகோலை வகுத்தவர்கள் மேல் தவறில்லை. அவர்கள் அதை வகுத்தது மூளைக் காயத்தின் ஆழத்தை அறிய, வலியை அறிய அல்ல.

செவிலியர் படிப்பில் வலி பற்றி முதலில் சொல்லித்தரப்படுவது மார்கோ மெக்காஃப்ரி 1968-இல் சொன்னது: நோயாளி எதை வலி என்கிறாரோ அதுதான் வலி, அவர் இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் அது இருக்கிறது. நோயாளியின் சொல்லை நம்பாமல், "சும்மா கத்துறாரு" என்று ஒதுக்கிய காலத்தில் அவர் பக்கம் நின்ற வாக்கு அது. எத்தனையோ பேருக்கு அதனால் மருந்து கிடைத்தது. ஆனால் சொல்ல முடியாதவருக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. உலக வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் கொடுத்த வரையறையை 2020-இல் திருத்தியபோது, வலியை வெளிப்படுத்தும் பல வழிகளில் பேச்சும் ஒன்று மட்டுமே, பேச முடியாததால் வலி இல்லை என்றாகாது என்பதைக் குறிப்பாகவே சேர்த்திருக்கிறது.

இதே வாதத்துக்கு முன்பு பலியானவர்கள் பச்சைக் குழந்தைகள். 1980-கள் வரை, குறைமாதக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும்போது பல இடங்களில் தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே கொடுத்தார்கள். குழந்தையின் நரம்பு முதிரவில்லை, அது காட்டுவது வெறும் அனிச்சை என்றார்கள். இந்தியாவில் பிறந்த கன்வல்ஜீத் ஆனந்த் ஆக்ஸ்ஃபோர்டில் தன் சகாக்களோடு செய்த ஆய்வு 1987-இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஃபென்டனைல் என்னும் வலி மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்த குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் குறைவாகவே சுரந்தன. ஆபரேஷனுக்குப் பின் சிக்கல்களும் குறைவு. அதற்குப் பிறகுதான் வழக்கம் மாறத் தொடங்கியது. சுளித்த முகம் அதற்கு முன்பும் எல்லோர் கண்ணெதிரே இருந்ததுதான். ரத்தத்தில் அளந்து காட்டும் வரை அது சாட்சியாக ஏற்கப்படவில்லை.

பெரியவர்களின் மூளை பற்றி வந்திருக்கும் சாட்சிகளும் குறைந்தவையல்ல. 2006-இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், எந்த உணர்வும் இல்லாதவர் என்று தீர்மானிக்கப்பட்டிருந்த ஓர் இளம்பெண்ணை ஸ்கேனில் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆரோக்கியமானவருக்கு எந்தப் பகுதி ஒளிருமோ அதே பகுதி அவருக்கும் ஒளிர்ந்தது. 2024-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், கட்டளைக்குக் கை காலால் பதில் சொல்லாத 241 பேரைச் சோதித்ததில் நான்கில் ஒருவரின் மூளை பதில் சொல்லியிருக்கிறது. நாம் திருப்புகிறவர்களில் அந்த நான்கில் ஒருவர் யார் என்று கட்டிலருகே நிற்கும் நமக்குத் தெரிய வழியில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆழ்ந்த கோமாவில் தண்டுவடம் மட்டுமே காலை இழுக்கச் செய்யலாம். உணரும் ஆள் இல்லாமலேயே அசைவு வரலாம். ஆகவே அசைவெல்லாம் வலியாகிவிடாது, அசைவின்மையும் நிம்மதியாகிவிடாது. இரண்டு பக்கமும் தவறு நேரக்கூடும். வலியில்லாதவருக்குக் கொஞ்சம் வலி மருந்து போய்விடுவது ஒரு தவறு. வலிப்பவரை, பன்னிரண்டு முறையும் வலிக்க வலிக்கத் திருப்புவது இன்னொரு தவறு. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

பேச முடியாதவரின் வலியை அளக்க வழி இல்லாமல் இல்லை. பிரான்ஸின் க்ரெனோபிளில் ழான்-பிரான்ஸுவா பாயென் 2001-இல் ஓர் அளவை வெளியிட்டார். கனடாவில் செலின் ஜெலினா 2006-இல் வெளியிட்டது 'சிபாட்' எனப்படுகிறது. அதில் பார்க்க வேண்டியவை நான்கே: முகம், உடம்பின் அசைவு, தசையின் இறுக்கம், வெண்டிலேட்டரோடு ஒத்துப்போகிறாரா முரண்டுகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 8-க்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி இருப்பதாகக் கொண்டு மருந்து கொடுக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம், செலவும் இல்லை. தசை இறுக்கத்தைப் பார்க்க, கையை மடக்கி நீட்டும்போது அது எதிர்க்கிறதா என்று உணர்ந்தால் போதும். கிடைக்கையில் ஒருமுறை, வேலை நடக்கையில் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர். நடுவிலுள்ளதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எழுதினால், எழுதியும் பயனில்லை.

இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறினால்தான் வலி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காய்ச்சலிலும் ஏறும், ரத்தம் குறைந்தாலும் ஏறும். பிரஷர் ஏற்றும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அந்த எண் நோயாளியுடையதே அல்ல. சர்வதேச வழிகாட்டுதல்கள் அவற்றை, முகத்தைப் போய்ப் பார் என்று கூப்பிடும் மணியாக மட்டுமே ஏற்கின்றன.

தலையில் அடிபட்டவர்களிடம் இந்த அளவுகள் கொஞ்சம் தடுமாறும். அவர்களில் பலர் வலித்தால் முகத்தைச் சுளிப்பதில்லை. சட்டென்று கண் திறக்கும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வழியும். சுளிப்பை மட்டும் தேடும் கண்ணுக்கு இவை தப்பிப்போகும். வெகுரோனியம், அட்ராகுரியம் போன்ற, தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஓடுகிறவர்களிடம் எந்த அளவுமே செல்லாது. ஒரு தசையும் அசையாது, ஆனால் வலியைக் கொண்டுபோகும் நரம்புக்கு அந்த மருந்தால் ஒன்றும் ஆகாது. அங்கே வலி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அந்த மருந்து ஓடும் வரை வலி மருந்தும் ஓட வேண்டும்.

தூக்க மருந்து விஷயத்தில்தான் நம் வார்டுகளில் குழப்பம் அதிகம். மிடசோலாமும் புரோபோஃபாலும் தூங்கவைக்கும். வலியைக் குறைப்பது அவற்றின் வேலையல்ல. நோயாளி முரண்டினால் தூக்க மருந்தின் வேகத்தைக் கூட்டுகிறோம், சுளிப்பு நின்றுபோகிறது, வலி நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். வலியைச் சொன்ன கடைசி வழியையும் அடைத்திருக்கிறோம் என்பது கண்ணில் படுவதில்லை.

ஓபியாய்ட் கொடுத்தால் பிரஷர் இறங்கும், குடல் மந்தமாகும், வெண்டிலேட்டரிலிருந்து எடுப்பது தாமதமாகும் என்று டாக்டர்கள் தயங்குவது நியாயமான தயக்கம்தான். அதற்குப் பிரான்ஸிலிருந்தே பதிலும் இருக்கிறது. பாயென் குழுவினர் 44 ஐ.சி.யூ.க்களில் 1,381 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் வலி அளக்கப்பட்டவர்கள் வெண்டிலேட்டரில் இருந்தது 8 நாள். அளக்கப்படாதவர்கள் 11 நாள். தூக்க மருந்தும் முன்னவர்களுக்குக் குறைவாகவே போயிற்று. மோன்பெலியேவில் ஒரு குழு, திருப்பும்போது வரும் கடுமையான வலியை மட்டும் குறிவைத்து, முன்கூட்டி மருந்து கொடுப்பது, செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று இறங்கியது. 100 முறை திருப்பினால் 16 முறை இருந்த கடும் வலி 6 முறையாகக் குறைந்தது. அதோடு, திருப்பும்போது ஆக்சிஜன் இறங்குவது, பிரஷர் விழுவது போன்ற ஆபத்துகளும் குறைந்தன.

முன்கூட்டி என்பதற்குக் கணக்கு உண்டு. நரம்பில் போடும் ஃபென்டனைல் சில நிமிடங்களில் வேலை செய்யும். மார்ஃபின் முழு வேகம் பிடிக்கக் கால் மணிக்கு மேல் ஆகும். மார்ஃபினைப் போட்ட கையோடு திருப்பினால், மருந்து ஏறுவதற்குள் வலி வந்து போய்விடும். அப்புறம் நிம்மதியாகக் கிடக்கிற நேரத்தில் மருந்து உச்சத்துக்கு வந்து, "பாருங்க, மூச்சு கொறஞ்சிருச்சு" என்று அதன் மேல் பழி விழும்.

நம் ஊர் நிலைமைக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்று கேட்பார்கள். ஐ.சி.யூ.வில் ஒரு கட்டிலுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறி. நடைமுறையில் அதை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது என்பது இந்த வேலையிலிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். புருவம், கண், உதடு, பிடிக்கும் கை என்று பார்க்க வேண்டியதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். திருப்பி முடித்ததும், "அக்கா, முகத்துல ஏதாச்சும் மாறுச்சா?" என்று சிஸ்டர் கேட்க வேண்டும். "இடது பக்கம் போறப்பதான் சிஸ்டர், கண்ண இறுக்குறாரு" என்று அவர் சொன்னால் அதை அப்படியே ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். படிப்பில்லாதவர் பார்த்ததை எப்படிச் சார்ட்டில் ஏற்றுவது என்று தயங்குவோரிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த நேரத்தில் முகத்தைப் பார்த்தவர் வேறு யார்?

அளவுகோலில் இல்லாததையும் பக்கத்தில் இருப்பவர் படித்துக்கொள்ள முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் அங்கேயே தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். 2015 மே மாதம் இறக்கும் வரை, 41 ஆண்டுகளுக்கு மேல், அந்த மருத்துவமனைச் செவிலியர்களே தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். கருணைக் கொலை வழக்காகவே நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது, மருத்துவமனை தந்த ஒரு சாதாரணத் தகவல். மலமோ சிறுநீரோ வரும்போது அவர் ஒருவித ஒலி எழுப்புவார். செவிலியர்கள் அதை அடையாளம் கண்டு கழிப்பறைக்கு அழைத்துப் போவார்கள். எந்த அளவுகோலிலும் அந்த ஒலி இல்லை. வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, இந்த ஒலிக்கு இது பொருள் என்று அந்த வார்டே படித்துக்கொண்டிருக்கிறது.

நம் கட்டிலில் பத்து நாள் மட்டுமே கிடக்கப்போகிறவரை அப்படிப் படிக்க நமக்குக் காலம் இல்லை. ஆனால் அவரை முப்பது வருடம் படித்த ஒருவர் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பல்வலி வந்தால் இவர் என்ன செய்வார், முதுகுப் பிடிப்பில் எப்படிக் கிடப்பார், வலியை வெளியே காட்டுகிற ஆளா, பல்லைக் கடித்துக்கொள்கிற ஆளா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அட்மிஷன் நேரத்தில் சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, எந்த மருந்து ஒத்துக்காது என்றெல்லாம் அவரிடம் கேட்கிறோம். இதையும் கேட்கலாம். "அவருக்கு வலிச்சா கால் பெருவிரல மடக்கிக்குவாரு" என்று ஒரு மனைவி சொன்னால், திருப்பும்போது போர்வைக்குள் இருக்கும் அந்தப் பாதத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவரும்.

"வலிக்குமா?" என்று அவர் நம்மிடம் கேட்கும் கேள்விக்கும் அப்போது வேறு பதில் சொல்ல முடியும். "வலிக்கலாம்மா. இல்லைன்னு நாங்க நெனச்சுக்கல. திருப்புறதுக்கு முன்னாடி மருந்து குடுக்குறோம். நீங்க உள்ள வர்றப்ப அவரு முகத்தப் பாருங்க. எப்பவும் இருக்குற மாதிரி இல்லைன்னு தோணுச்சுன்னா, யாரு டியூட்டியில இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லுங்க."